'பிழ' கட்டுவதற்கு முன் பிழை பாருங்கள்

மலையாளத்தில் அபராதத்துக்குப் 'பிழ' என்று பெயர். மூன்று வருஷம் முன்பு டிரான்ஸ்ஃபரில் திருவனந்தபுரம் வந்து இறங்கிய புதிதில், பேப்பரில் 'பிழ' என்று பார்த்தாலே யாரோ எங்கேயோ தப்பு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். (எழுத்துக்கூட்டிப் படித்துவிட்ட பெருமை வேறு!) அப்புறம்தான் தெரிந்தது, தப்பு செய்தவன் கட்டுகிற பணம்தான் பிழ என்று. சில சமயம் தப்பே செய்யாதவனும் கட்டுகிறான் என்பது அதற்கும் அப்புறம் தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. கும்பகோணத்தில் பி.காம் படித்து, பேங்க் பரீட்சை எழுதி, இருபது வருஷமாக அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நாற்பத்தைந்து வயது ஆசாமி. அதனால் இதில் சட்டத்தை விடக் கணக்குதான் ஜாஸ்தி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 47-ம் பிரிவு. நம்ம வண்டி டிஎன் 68. வந்து பதினோராவது மாதம், ஆணி கொஞ்சம் குறைந்த ஒரு சனிக்கிழமை, ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்ஓசி கேட்டு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். ஒரு செலான் பாக்கி இருக்கிறது, முதலில் அதை முடி என்று திரை சொன்னது.

எனக்கா? செலானா?

நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. திருவனந்தபுரம் நகர் நடுவில் ஒரு சாலை. நோ பார்க்கிங். ரூபாய் 250. ஏன் எனக்கு எஸ்எம்எஸ் வரவில்லை என்று தோண்டினால், வாகனப் பதிவேட்டில் இருந்த மொபைல் எண் என்னுடையதே இல்லை. வண்டி வாங்கிய அன்று கடையில் யாரோ அவசரத்தில் தட்டிய எண். இத்தனை வருஷமாக என் வண்டி சமாச்சாரமெல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

தங்கமணி எட்டிப் பார்த்தாள். "இருநூத்தம்பது ரூபாய்தானே, கட்டிட்டு வேலையைப் பாருங்க. நாலு பேர் ஓட்டல்ல டிபன் சாப்பிடற காசு. இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சுக்கறீங்க?"

நியாயமான பேச்சுதான். கட்டுகிற பட்டன் வரை போய்விட்டேன். காப்பாற்றியது ஒரே ஒரு ஆபீஸ் பழக்கம். வவுச்சரைப் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ண மாட்டேன். செலானோடு இருந்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். என்னுடையது சின்ன ஹேட்ச்பேக், வெள்ளை. போட்டோவில் நிற்பதும் வெள்ளைதான், ஆனால் பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செடான். நம்பரைப் பெரிதாக்கினால் கடைசி இலக்கம் 8. என் வண்டிக்கு 3. மழைச் சேறு தெறித்த பிளேட்டில் எட்டு மூன்றாகிவிட்டது.

அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன்? கிளையில் கான்கரண்ட் ஆடிட்டருக்குப் பக்கத்தில். வண்டி எங்கே? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில். காவல்காரர் நோட்டில் வெளியே போன பதிவே இல்லை.

*

இங்கே நம்மில் பலர் செய்யும் கணக்குப் பிழை ஒன்று உண்டு. "கட்டிவிட்டால் முடிந்துவிடும்." அப்படி முடிந்துவிடுவதில்லை!

இந்த மாதிரிச் சின்னக் குற்றங்களுக்கு அதிகாரி வசூலிப்பது சட்டத்தின் 200-ம் பிரிவுப்படி. காம்பவுண்டிங் என்பார்கள். குற்றத்தைப் பணம் கட்டி சமாதானமாக முடித்துக்கொள்வது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தப் பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள். பணம் கட்டி முடித்துக்கொண்டாலும், அடுத்த முறை அதே குற்றம் நடந்தால் இது 'முந்தைய குற்றம்' என்று எண்ணப்படும். தனித் தண்டனை சொல்லாத குற்றங்களுக்கான 177-ம் பிரிவில் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 1500 ரூபாய் வரை என்று இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். (கேரளத்தில் 2023-ல் வெளியிட்ட பட்டியலில் தவறான பார்க்கிங்குக்கு 250 ரூபாய்.)

அதாவது, செய்யாத தப்புக்கு நீங்கள் கட்டும் 250 வெறும் செலவு இல்லை. "ஆமாம், நான் செய்தேன்" என்று போடுகிற கையெழுத்து. எங்கள் பாஷையில் சொன்னால், வாங்காத கடனுக்கு வட்டி கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்?

*

சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி இறக்க வரும் நம்மூர் வேன் டிரைவர் ஒருவர் எனக்குப் பழக்கம். தென்காசிப் பக்கம். கணக்கு எங்கள் கிளையில்தான். பாஸ்புக் பதிய வந்தபோது என் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"நமக்கெதுக்கு சார் வம்பு? பொழைக்க வந்த ஊரு. வந்தா கட்டிருவேன்."

எத்தனை கட்டினார் என்று அவர் போனிலேயே பார்த்தோம். அந்த வருஷத்தில் ஐந்து. அதில் இரண்டு ஒரே நாள், ஒரே இடம், இருபது நிமிஷ இடைவெளி. வண்டி நகரவே இல்லை. ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு செலான். இரண்டையும் கட்டியிருக்கிறார். ஒரு நாள் வாடகையில் ஒரு பங்கு அது. "ரெண்டாவதை ஏன் கேக்கல?" என்றேன். "கேட்டா மொதலாளி அண்ணாச்சிக்குப் போன் போகுமோன்னு பயம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரை நினைத்து மட்டுமில்லை. பட்டன் வரை போன என் விரலும் அதே பயத்தில்தான் போயிருக்கிறது. எனக்கு பயப்பட முதலாளி அண்ணாச்சிகூட இல்லை. டிகிரி, உத்தியோகம், டை எல்லாம் இருந்தும், 'வந்த ஊரில் வாயைத் திறக்காதே' என்கிற குரல் உள்ளே இருக்கிறது. துபாயில் இருப்பவருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் அதே குரல் கேட்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்சேபம் தெரிவிப்பது வம்பு இல்லை. செலானிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தயவு கேட்கப் போகிற மாதிரி கூனிக் குறுக வேண்டாம். சண்டைக்குப் போகிற மாதிரி மீசையை முறுக்கவும் வேண்டாம். கணக்கில் தப்பு இருக்கிறது, திருத்துங்கள் என்று தினமும் எத்தனை வாடிக்கையாளர் எங்களிடம் வருகிறார்கள்! அவர்களை வம்புக்காரர்கள் என்றா சொல்கிறோம்? (சில பேரைச் சொல்வோம். அது தனிக் கதை.)

*

சரி, எது அநியாயமான செலான்? இதில் நம்மிடம் நேர்மை வேண்டும்.

எடுபடக்கூடிய காரணங்கள்: வண்டி உங்களுடையது இல்லை, நம்பர் தவறாகப் படிக்கப்பட்டது. ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு செலான். போட்டோவில் குற்றமே தெரியவில்லை, அல்லது எழுதிய இடமும் போட்டோவில் உள்ள இடமும் வேறு. தடை செய்யும் பலகை அங்கே இல்லை, அல்லது மரக்கிளைக்கும் கட்சிக் கொடிக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரத்தை 116-ம் பிரிவும், நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை 117-ம் பிரிவும் அரசுக்குக் கொடுக்கின்றன. அதிகாரம் அவர்களுடையது என்றால், பலகை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதுதானே. வண்டி பழுதாகி நின்றது, அல்லது நோயாளியை இறக்கியது என்றால் மெக்கானிக் பில்லோ ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டோ கையில் இருக்க வேண்டும்.

எடுபடாதவை: "அஞ்சே நிமிஷம்தான்." "எனக்கு முன்னால் பத்து வண்டி நின்றது." "ஹஸார்ட் லைட் போட்டிருந்தேன்." (அது என்னவோ சாமி படம் மாதிரி, போட்டால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஒரு நம்பிக்கை!) "டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்." 122-ம் பிரிவைப் படித்தால், மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை நிறுத்தி வைப்பதே குற்றம். உள்ளே ஆள் இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு, பஸ் ஸ்டாப் இவற்றுக்குப் பலகையும் தேவையில்லை. 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளே அங்கே நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டன.

"வண்டியை விற்றுவிட்டேன்" என்பதும் தனியாக எடுபடாது. ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் (நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018) உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் வண்டியை ஃபாரம் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டு வரும் நம்மவர்கள் கவனிக்க.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் பாரி பீவிஸ் வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகம். இரண்டு மணி நேரம் இலவச பார்க்கிங். மனிதர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்திவிட்டார். 85 பவுண்டு. கட்ட மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார், 2015-ல் தோற்றார். அறிவிப்புப் பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்தன என்பது அவருக்கு எதிராக முக்கியமாக நின்றது. ஆக எந்த நாடானாலும் முதல் கேள்வி ஒன்றுதான், பலகை இருந்ததா? இருந்தது என்றால் வீரம் வேண்டாம்.

*

இனி செய்முறை. நான் செய்தது, பிறகு மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தது இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. பணம் கட்டாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். முதலில் பரிவாஹன் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு செலானையும் போட்டோவையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, பிரிண்ட் எடுங்கள்.

2. அனுப்பியது போலீஸா, மோட்டார் வாகனத் துறையா என்று பாருங்கள். இரண்டு பேரும் செலான் போடுகிறார்கள். தப்பான கதவைத் தட்டினால் இரண்டு வாரம் வீண். மால், தனியார் ஆஸ்பத்திரி வளாகத்தில் கொடுக்கும் ரசீது அரசு அபராதமே இல்லை, அதை அந்த நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

3. கெடு என்ன? கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 'ஏஐ காமிரா' அபராதம் தொடங்கியபோது, ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் மாவட்ட என்ஃபோர்ஸ்மென்ட் ஆர்.டி.ஓ.விடம் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். உங்கள் செலானில் அச்சிட்டிருக்கும் கெடுதான் உங்களுக்குக் கெடு. (அப்போது தொடங்கிய 726 காமிராக்களில் பார்க்கிங்குக்கென்றே இருந்தவை மாநிலம் முழுக்க 25 மட்டும். மற்ற இடங்களில் நம்மைப் பிடிப்பது பெரும்பாலும் அதிகாரி கையில் இருக்கும் கருவிதான். கையால் எடுத்த படத்தில் கைப்பிழையும் வரும்.)

4. அந்த இடத்துக்கு நேரில் போங்கள். அதே நேரத்தில் போனால் நல்லது. பலகை, சாலைக் கோடு, வண்டி நின்ற இடம் மூன்றும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுங்கள். தேதி தெரியட்டும். தாமதித்தால் பலகை முளைத்துவிடும் :-)

5. கடிதம் ஒரு பக்கம்தான். செலான் எண், வண்டி எண், தேதி, நேரம், இடம். அடுத்த வரியில் காரணம். அதற்கு அடுத்து இணைப்புப் பட்டியல். கடைசியில் 'ரத்து செய்யவும், முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்' என்ற கோரிக்கை. உங்கள் குடும்பக் கஷ்டம், நீங்கள் முப்பது வருஷமாக வண்டி ஓட்டும் பெருமை எதுவும் வேண்டாம். நான் இணைத்தவை: ஆர்.சி. நகல், என் வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படம், கிளை வருகைப் பதிவு, காவல்காரர் நோட்டுப் பக்கம்.

6. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீட் போஸ்டில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு. தளத்திலேயே புகார் பதிந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். இருபது வருஷ சர்வீஸில் நான் கற்ற ஒரே வேதம் இது.

7. காமிரா செலான் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ-வைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் சேர்த்தது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும், காமிரா இருக்கும் பகுதிக்கு முன் எச்சரிக்கைப் பலகை வேண்டும், படத்தில் நம்பர் பிளேட்டும் குற்றமும் தெரிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அது நடக்கட்டும் என்று ஆட்சேபக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

8. கட்டாமலும் எதிர்க்காமலும் விட்டால் செலான் 'விர்ச்சுவல் கோர்ட்' எனும் இணைய நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கட்டவும் வழி உண்டு, எதிர்க்கிறேன் என்று பதியவும் வழி உண்டு. எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். இந்த ஊரில் மாவட்டக் கோர்ட் வளாகம் வஞ்சியூரில். அங்கே ஒரு நாள் லீவும் வக்கீல் ஃபீசும் ஆகலாம் என்பதால், ஆதாரம் கெட்டியாக இருந்தால் மட்டும் இந்தப் படி. இன்னொன்று, லோக் அதாலத்தில் குறைத்து முடித்துத் தருகிறார்கள் என்றால் அது சமரசம், 'நீ குற்றவாளி இல்லை' என்ற தீர்ப்பு அல்ல. அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

என் விஷயத்தில் கோர்ட் வரை போகவில்லை. கடிதம் கொடுத்து மூன்றாவது வாரம் கூப்பிட்டார்கள். அதிகாரி படத்தைத் திரையில் பெரிதாக்கினார். என் வண்டிப் படத்தைப் பார்த்தார். "சாரே, இது சாரின்டெ வண்டி அல்லல்லோ!" என்றார், நான்தான் ஏதோ தப்பாகச் சொன்ன மாதிரி. இரண்டு நாளில் ரத்து. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். தப்பு செய்து திருத்தியவர்களை ஊரறிய எழுத எனக்கு விருப்பமில்லை.

வரவு செலவு: மிச்சமானது 250. செலவு ஆட்டோ, பிரிண்ட், ஜெராக்ஸ் 190, அரை நாள் லீவு. "லாபம் அறுபது ரூபாயா? அந்த அரை நாள்ல எனக்கு கிரைண்டரை ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கலாம்" என்றாள் தங்கமணி. கணக்கில் அவள் சொல்வதுதான் சரி. ஆனால் என் பெயரில் ஒரு பொய்ப் பதிவு நிற்கவில்லை. அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

*

நம்மைப் போல் இடம் மாறி வந்தவர்களுக்கென்று தனியாக மூன்று விஷயம்.

ஒன்று, இன்றைக்கே உங்கள் ஆர்.சி.யில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். செலான் வந்ததே தெரியாமல் கெடு போய்விடும். அப்புறம் என்ஓசி, பெயர் மாற்றம் என்று போகும்போது வழியில் உட்கார்ந்திருக்கும். நான்கு மாதம் கழித்து 'அன்றைக்கு எங்கே இருந்தேன்' என்று ஆதாரம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஆடிட் இருந்தது, அதிர்ஷ்டம். எல்லோருக்கும் ஆடிட்டர் வாய்ப்பாரா?

இரண்டு, பாஷை. மலையாளத்தில் எழுதியிருக்கிறதே என்று மிரண்டு கட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் கொடுத்தால் படித்துச் சொல்லப் போகிறார். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன், வாங்கிக்கொண்டார்கள். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் கொடுத்தது. நாம் ஒன்றும் இந்த ஊருக்கு நேற்று முளைத்தவர்கள் இல்லை. கரமனை, வலியசாலைத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று, பேங்க்காரனாகக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். 'உங்கள் வண்டிக்குச் செலான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தால் தொடாதீர்கள். ஏபிகே என்று முடியும் ஃபைல் செலான் இல்லை. அதை நிறுவினால் உங்கள் போனையே திருடனிடம் கொடுத்த மாதிரி. இந்த மோசடியில்தான் 2025 ஜூலையில் கொச்சி சைபர் போலீஸார் வாரணாசி வரை போய் இரண்டு பேரைப் பிடித்து வந்தார்கள். இணைய முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 250 ரூபாயை அவசரமாகக் கட்டித் தொலைக்க நினைத்த வாடிக்கையாளர்கள் சேமிப்பையே தொலைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பயந்து கட்டுகிற பழக்கம்தான் அந்தத் திருடர்களுக்கு முதலீடு.

*

கடைசியாக, என்னைப் பற்றியே ஒரு வாக்குமூலம்.

முதல் வெற்றிக்குப் பிறகு நான் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன். போன மழைக்காலத்தில் இன்னொரு செலான். இந்த முறை எண்ணும் சரி, வண்டியும் சரி. மெடிக்கல் ஷாப் வாசலில் ஐந்து நிமிஷம். பலகை இல்லை! உடனே கடிதம் தயார். 116, 117 எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம். பிளஸ் டூ படிக்கும் மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கடிதத்தைப் படிக்கவில்லை, போட்டோவைப் பார்த்தாள்.

"அப்பா, வீல் ரெண்டும் நடைபாதை மேல இருக்கு. இந்தப் பாட்டி ரோட்டுல இறங்கி நடக்கறாங்க பாருங்க."

வண்டிக்குப் பின்னால் குடையோடு ஒரு மூதாட்டி. ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் சாலைத் தண்ணீரில். நான் அந்தப் போட்டோவை நான்கு தடவை பார்த்திருந்தேன். பலகை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அன்று ராத்திரியே 250 கட்டினேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அநியாயச் செலானை எதிர்க்கிற உரிமை, நியாயச் செலானை முணுமுணுக்காமல் கட்டுகிறவனுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே. போட்டோவைத் திறந்து பார்ப்பது.

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2022-ல் எம்.ஜி. ரோட்டில் ஆயுர்வேதக் கல்லூரிப் பக்கம், சாலையோரப் பார்க்கிங் இடத்தை மாதம் 5000 ரூபாய்க்கு ஒரு தனியார் ஓட்டலுக்கு மாநகராட்சி எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த அக்டோபரில் விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியது. சாலை பொதுப்பணித் துறையுடையது, கொடுக்க நீங்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்தம் ரத்தாயிற்று. கேட்கும் வரை அதுவும் முத்திரைத்தாளில் கையெழுத்தான காரியம்தான். கேட்டதும் நிற்கவில்லை.

வேன் டிரைவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கட்டியது கட்டியதுதான், திரும்பவில்லை. ஆனால் போன மாதம் மறுபடி ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு செலான் வந்தது. மனிதர் நேராகக் கிளைக்கு வந்து, "சார், ஒண்ணைக் கட்டிட்டேன். ரெண்டாவதுக்கு ஒரு லெட்டர் எழுதணும்" என்றார். எழுதினோம். முத்திரை போட்ட பிரதியைப் பாஸ்புக் கவரில் வைத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வரும்.

டிஸ்கி: பேங்க், அரசு வேலை என்று மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறவர்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து 'பிஎச்' வரிசை எண் இருக்கிறது. அடுத்த வண்டிக்கு அதுதான். அப்போது மொபைல் எண்ணை நானே தட்டுவேன் :-)